மல்டிமீடியா முதலாண்டு: முதல் வேலைகளை எப்படிச் செய்வது

மல்டிமீடியா படிப்பில் சேர்ந்த முதல் மாதம் எல்லோருக்கும் பெரிய கேமராதான் வேண்டும். நான் மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கம் ஒரு கல்லூரி லேபில் கருவிகளைக் கொடுத்து வாங்குகிறவள். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். "மிஸ், கதை ரெடி, 20 நிமிஷம் வரும், ட்ரோன் கிடைக்குமா?" என்று வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எடுத்தது பிடிக்காவிட்டால் நாளைக்கே முழுசாகத் திரும்ப எடுக்க முடியுமா?" முடியாது என்றால் அந்தக் கதையை மூன்றாம் ஆண்டுக்கு எடுத்து வையுங்கள்.

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. போஸ்டர் என்றால் ஒரே ஒரு ஏ3 தாள். ஒலி என்றால் 1 நிமிடம். ஸ்டாப் மோஷன், அதாவது பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படங்களைக் கோத்து ஓட்டுவது, 10 வினாடி. வீடியோ 2 நிமிடம். முதல் தடவை செய்யும்போது மென்பொருளோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாகிவிடும். நாம் என்ன சொல்ல வந்தோம் என்பது இரண்டாம் தடவைதான் பிடிபடும். 20 நிமிடப் படத்துக்கு இரண்டாம் தடவையே கிடையாது.

எதை எடுப்பது என்பதிலும் இதே கணக்குதான். லெ மோர்ன் மலைக்குப் பக்கத்தில் சூரியன் இறங்குவதை எடுக்க பஸ் மாறிப் போவீர்கள், மேகம் மூடிவிடும், அன்றைய பொழுது போச்சு. நடந்து போகிற தூரத்தில், பத்து தடவை போனாலும் யாரும் முகம் சுளிக்காத இடமாகப் பாருங்கள். பாட்டியின் சமையலறை, கோவில் மடப்பள்ளி, மெட்ரோ நிலையம், தெருமுனை டால் பூரி வண்டி. வண்டிக்காரரிடம் முதல் நாள் கேமராவை எடுக்காமல் இரண்டு டால் பூரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் அவரே எந்தப் பக்கம் நின்றால் ஆவி தெரியும் என்று சொல்வார்.

தமிழ் எழுத்தில் ஒரு போஸ்டர்

வகுப்பில் முதல் பயிற்சி பெரும்பாலும் எழுத்தை வைத்துச் செய்யும் போஸ்டர்தான். நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்து வருகிறவர்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் பலர் வாசிப்பார்கள். அதற்காகவே தமிழில் ஒன்று செய்யச் சொல்வேன். சரளமாக வாசிக்கிற எழுத்தில் கண் அர்த்தத்துக்கு ஓடிவிடும். மெதுவாக வாசிக்கிற எழுத்தில் சுழியும் வளைவும் காலும் கொம்பும் தெரியும். வடிவமைப்புக்கு அதுதான் வேண்டும்.

இதற்கான முதல் பாடம் உங்கள் பர்ஸிலேயே இருக்கிறது. அரசியல்வாதி ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நம் நாட்டு 100 ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கு அடுத்து தேவநாகரி. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழ் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. தமிழர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசைப்படி வேறு நோட்டு வெளியிட்டார்கள். ஒரு வரி கீழே இறங்கியதற்காக ஒரு நாடே தன் பணத்தை மாற்றி அடித்தது. லேஅவுட் வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: நோட்டை ஸ்கேன் செய்து போஸ்டரில் ஒட்டாதீர்கள், அது சட்ட வம்பு. கண்ணால் பார்த்து, பென்சிலால் வரைந்து பழகுங்கள்.

இனி கணினி வேலை. ஏ3 தாள் 297 x 420 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 3508 x 4961 பிக்ஸல். இந்த அளவில் ஃபைலைத் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். செல்போனில் வந்த படத்தைக் கடைசியில் இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். எழுத்துரு யுனிகோடாக இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் அடுத்த கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும்.

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் பழைய பதிப்பு என்றால் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான விருப்பத்தை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் 'கொ' என்று அடித்தால் கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இங்க்ஸ்கேப்பிலும் கிம்பிலும் இந்தத் தொல்லை இல்லை, அவை தமிழைச் சரியாகவே கோக்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுத்துகளை வடிவக்கோடுகளாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். போன வருடம் ஒரு மாணவியின் போஸ்டர் அச்சுக்கடையிலிருந்து கொம்பெல்லாம் இடம்மாறி வந்தது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவர் கணினியில் அந்த எழுத்துருவும் இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடு கிடையாது. ஆகவே தலைப்பைத் தூக்கிக் காட்ட தடிமனும் அளவும் இடைவெளியும்தான் துணை. 'கீ', 'ளி' மேலே வளையும், 'தூ', 'ஞ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளியை வைத்தால் மேல் வரியும் கீழ் வரியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்கு வைத்துப் பார்த்து, அங்கிருந்து குறைத்து வாருங்கள். எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியை அகலமாக்கும் ஸ்டைல் ஆங்கிலத் தலைப்புக்கு அழகு. தமிழில் அதைச் செய்தால் காலும் கொம்பும் தனித்தனியாக நிற்பதுபோல ஆகிவிடும். தமிழும் பிரெஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது ஒரே அளவு எண்ணைக் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். தாளை அச்செடுத்து, சுவரில் ஒட்டி, மூன்று எட்டு பின்னால் போய் நின்று, இரண்டும் சமமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் தமிழைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

1 நிமிட ஒலி

பேச்சு கூடாது, பாட்டு கூடாது, 60 வினாடி. இதைச் சொன்னதும் பாதிப் பேர் கடற்கரைக்கு ஓடுவார்கள். கடற்கரையில் கிடைப்பது காற்று. தென்கிழக்குக் காற்று மைக்கில் அடித்தால் 'பொம் பொம்' என்று ஒரு முட்டல் விழும், அதைப் பின்னால் கழற்றுவது பெரும்பாடு. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் கொஞ்சம் அடங்கும். ஆனால் காற்றின் வேகத்தில் ஒலி உச்சத்தைத் தாண்டி உடைந்திருந்தால் எந்த வடிகட்டியாலும் அது திரும்பாது. மைக்குக்கு ரோமக் கவசம் போடுங்கள், அதுவும் இல்லாவிட்டால் சுவர் மறைவில் நில்லுங்கள்.

நான் சொல்லிக் கொடுக்கும் விஷயம் ராவான், நம் ஊர் சேகா ஆட்டப்பாட்டுக்குத் தட்டுகிற பறை. சேகா 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு மேடையில் சேகா பதிவு செய்ய ஏகப்பட்ட கூட்டம். மேடையை விடுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஆட்டுத்தோல் ராவானைத் தீயில் காய்ச்சுகிற இடத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் பறை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதலில் விறகு வெடிக்கும் சத்தம். கலைஞர் தோலில் ஒரு தட்டுத் தட்டுவார், 'தொப்' என்று ஈரமாக விழும். நெருப்பில் காட்டித் திருப்பிவிட்டு இன்னொரு தட்டு, இப்போது கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். சூடு ஏற ஏறத் தோல் இறுகி, சுருதி ஏறி, கடைசியில் 'டங்' என்று தெளிவாகும். தொடக்கமும் நடுவும் முடிவும் அந்தத் தட்டுகளிலேயே இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது நடுவில் உள்ள காத்திருப்பை வெட்டி 60 வினாடிக்குள் அடக்குவது மட்டும்தான். பிளாஸ்டிக் தோல் போட்ட ராவான்களும் உண்டு, அவற்றைக் காய்ச்ச மாட்டார்கள். போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள்.

பதிவு செய்யும்போது டபிள்யூஏவி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மிக உரத்த தட்டு மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கட்டும். தானாக அளவைச் சரிசெய்கிற வசதியை அணைத்துவிடுங்கள். அது அமைதியான நேரத்தில் இரைச்சலைத் தூக்கி, தட்டு விழும்போது அமுக்கிவிடும். ராவானில் மெதுவான தட்டும் பலமான தட்டும் ஒரே மாதிரி கேட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? செல்போனில் பதிவு செய்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் யாரையும் பேச விடாமல் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் எடுத்து வாருங்கள். வெட்டிய இடங்களை ஒட்டும்போது அதுதான் கை கொடுக்கும். ரோஸ் ஹில்லில் சாயங்காலம் பதிவு செய்கிறீர்கள் என்றால் ஒன்று: மரத்தில் அடைய வரும் மைனாக்கள் உங்கள் வேலை முழுவதையும் தங்கள் வேலையாக்கிவிடும்.

வாழை இலையில் 10 வினாடி

ஸ்டாப் மோஷனுக்கு நம் வீட்டு ஏழு கறி விருந்து அருமையான விஷயம். வெறும் இலை, அதில் சோறு, பூசணி, பலாக்காய் என்று ஒவ்வொன்றாக வந்து உட்காருகிறது. வினாடிக்கு 12 படம் என்றால் 10 வினாடிக்கு 120 படம். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஒரு மதிய நேரத்தில் முடிந்துவிடும்.

கேமராவை மேலிருந்து நேராகக் கீழே பார்க்கும்படி கட்டுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டுங்கள். ஒன்றைத் தானியங்கியில் விட்டாலும் ஓட்டிப் பார்க்கும்போது வெளிச்சம் துடிக்கும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு விளக்கில் எடுங்கள், வெளியே ஒரு மேகம் கடந்தால்கூடப் படத்தில் தெரியும். நீங்களும் கறுப்புச் சட்டை போடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்தால் அதன் வெளிச்சம் இலையில் ஏறி இறங்கும். பொத்தானை விரலால் அமுக்காமல் ரிமோட்டில் எடுங்கள்.

இலைதான் பெரிய வில்லன். சூடான விளக்கின் கீழே அது மெல்ல ஓரம் சுருண்டு, பச்சை மங்கி, பாதிப் படத்தில் வேறு இலையாகிவிடும். எல்ஈடி விளக்கு வையுங்கள். இலையைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள், ஓரங்களைப் பலகையோடு அடியில் ஒட்டுங்கள். கறி வைக்கிற இடங்களை முன்னமே பென்சிலால் ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் புத்திசாலித்தனமாக, எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே படம் பிடித்து, பின்னால் தலைகீழாக ஓட்டலாம் என்பார்கள். பூவுக்கு அது சரி, பொரியலுக்கும் ஓரளவு சரி. ரசத்துக்குச் சரிப்படாது. எடுத்த இடத்தில் கறை நிற்கும், தலைகீழாக ஓட்டினால் கறி வருவதற்கு முன்னாலேயே கறை வந்து காத்திருக்கும்.

எல்லா அசைவும் ஒரே வேகத்தில் இருந்தால் பார்க்க இயந்திரத்தனமாகத் தெரியும். ஒரு சோற்று உருண்டை நகர வேண்டும் என்றால் முதல் இரண்டு படத்தில் கொஞ்சம், நடுவில் அதிகம், நிற்கப் போகும்போது மறுபடி கொஞ்சம் என்று தள்ளுங்கள். அனிமேஷன் வகுப்பில் பந்து துள்ளுவதை வரையச் சொல்வது இதைப் பழக்கத்தான். இலையில் செய்தால் சலிப்பில்லாமல் கற்றுக்கொள்ளலாம், கடைசியில் சாப்பிடவும் செய்யலாம் (எண்ணெய் சமையல் எண்ணெயாக இருந்தால்).

காவடியைப் படமெடுப்பவர்களுக்கு

தைப்பூசம் வந்தால் நான் தடுத்தாலும் கேட்க மாட்டீர்கள், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே காவடிக்குப் பலரும் உடுத்துவது அந்தப் பளிச்சென்ற ராணி கலர். கண்ணுக்கு அழகு, கேமராவுக்கு எமன். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாக மீட்டர் காட்டும், ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். துணியின் மடிப்பெல்லாம் போய் ஒரே வண்ணத் திட்டாகத் தெரியும். ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பார்த்து, எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் ரா ஃபைலில் எடுத்தால் பிற்பாடு திருத்த இடம் இருக்கும். உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துப் போகும், அதனால் காலையில் ஊர்வலம் புறப்படும் நேரத்திலேயே முகங்களை எடுத்துவிடுங்கள். மதியத்தில் கால்களை எடுங்கள், தார்ச்சாலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்கள்.

அலகு குத்துகிற முகத்துக்குள் லென்ஸை நுழைப்பதை நான் மதிப்பெண் கொடுக்கும்போது ரசிப்பதில்லை. விரதம் இருந்து வந்தவர் அவர், உங்கள் அசைன்மென்டுக்காக வந்தவர் இல்லை. அவருக்குப் பின்னால் பால்குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையில் பிள்ளையை இழுத்துப் போகிற அம்மாவைப் பாருங்கள். படத்தைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பிப்ரவரிப் புழுக்கத்தில் ஏசி லேபிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோனால் லென்ஸில் பனி படியும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி எடுத்துப் போங்கள், கேமராவும் வெளிச் சூட்டை எட்டிய பிறகு பையைத் திறங்கள்.

2 நிமிட வீடியோ

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். செல்போன் வழக்கமாக வினாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும், டியூப் லைட்டுக்குக் கீழே படம் பட்டை பட்டையாகத் துடிக்கும். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாட்டியைப் பேட்டி எடுக்கிறீர்கள் என்றால் ஜன்னல் அவர் முகத்துக்குப் பக்கவாட்டில் வரும்படி உட்கார வையுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். ஃபிரிட்ஜின் இரைச்சல் பேச்சோடு பதிவாகும், அதை அணைத்துவிட்டு உங்கள் வீட்டுச் சாவியை அதற்குள் வையுங்கள். சாவியை எடுக்கப் போகும்போது ஃபிரிட்ஜைப் போட ஞாபகம் வரும். பாட்டியின் மீன் கெட்டுப்போனால் அடுத்த வருடம் பேட்டியே கிடையாது.

பேச்சு ஓடும்போது அதன் மேல் ஒட்டுவதற்காக அவர் கைகளை எடுங்கள், சுவரில் உள்ள படத்தை எடுங்கள், அடுப்பை எடுங்கள். ஒவ்வொன்றையும் 10 வினாடி அசையாமல் பிடியுங்கள். கிரியோல் பேச்சுக்குத் தமிழ் சப்டைட்டில் போடுபவர்கள் திரையில் 2 வரிக்கு மேல் போகாதீர்கள், ஃபைலை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறியாக வரும். வெட்டுவதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். பின்னணிக்கு சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமை யாருடையது என்ற கேள்வி வரும்போது உங்களிடம் பதில் இருக்காது. 1 நிமிட ஒலிக்காக எடுத்த வெறும் சத்தம் இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

இணையப் பக்கம் செய்யும் பயிற்சி பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மேலே செய்த நான்கையும் ஒரே பக்கத்தில் வையுங்கள், செல்போனில் திறந்து பாருங்கள், படங்களின் எடையைக் குறையுங்கள், போதும்.

சேமிப்பும் பார்வை நாளும்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்தன. பையும் லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே காரில் இருந்தால் எத்தனை பிரதி வைத்திருந்தும் கணக்கு ஒன்றுதான். நவம்பரிலிருந்து மே பாதி வரை புயல் எச்சரிக்கை ஏறத் தொடங்கினாலே முதலில் இணையக் கிளவுடில் ஏற்றிவிடுங்கள், மின்சாரம் போன பிறகு ஒன்றும் நடக்காது. ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது 'ஃபைனல்' என்று எழுதாதீர்கள். தேதி போடுங்கள்.

வேலை செய்யும்போது எழுதிய குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதில் ஒதுக்கிய படங்களையும் ஒட்டி, ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண் போடும்போது நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

வகுப்பில் போட்டுக் காட்டும் நாளில் முன்னுரை வேண்டாம். "இது இன்னும் முடியல மிஸ், சவுண்ட் கொஞ்சம்..." என்று தொடங்காமல் பேசாமல் போட்டுவிடுங்கள். திரையைப் பார்க்காமல் பார்க்கிறவர்களைப் பாருங்கள். யாராவது செல்போனைத் தொடுகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வினாடிக்கு முந்தைய ஷாட்டிலிருந்து வெட்டத் தொடங்கி, அடுத்த வாரமே இரண்டாம் பதிப்பைக் கொண்டு வாருங்கள். கருவி அதுவரை உங்களிடமே இருக்கலாம், பெயரை மட்டும் பதிவேட்டில் புதுப்பித்துவிடுங்கள். திருப்பும்போது பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கட்டும், மெமரி கார்டைப் பிரதி எடுத்துவிட்டுக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், லென்ஸ் மூடியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.